பாடகன் போய்விட்டான், ஆறு பாட்டு பாதியில் நிற்கிறது. என்ன செய்வது?

அல்சூர்_பாஸ் (பெங்களூரு)

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதமாக எழுத நினைத்து எழுதாமல் விட்டது.

எங்கள் பேண்டின் பாடகனும் ரிதம் கிதாரிஸ்டுமான நண்பன் போன நவம்பரில் இறந்துவிட்டான். ஜாம் பேடிலிருந்து (நாங்கள் ஒத்திகை பார்க்கிற இடம்) ராத்திரி பைக்கில் கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) திரும்பும்போது ஹோஸ்கோட்டையைத் தாண்டி விபத்து. பேண்டின் பெயரை இங்கே போட வேண்டாம் என்று நினைக்கிறேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெரிய பேண்ட் ஒன்றும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு டெமோ, கல்லூரி விழாக்கள், சில பப் மேடைகள், அவ்வளவுதான். ஆனால் கே.ஜி.எஃப். சுரங்கத்தைப் பற்றித் தமிழில் கிரவுல், அதாவது அடித்தொண்டையில் உறுமுகிற மெட்டல் குரலில், பாடியவன் அவன் ஒருவன்தான், எனக்குத் தெரிந்து.

நாங்கள் சந்தித்தது 2007 மார்ச் 17. அயர்ன் மெய்டன் பேண்ட் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்த அன்று. கே.ஜி.எஃப். பக்கத்திலிருந்து வரும் மாரிக்குப்பம் ரயிலில் வந்து வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தான். கையில் டிபன் பாக்ஸ், உள்ளே எலுமிச்சை சாதம். உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள் என்று தெரிந்ததும் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து பழக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு பாட்டு பதிவு செய்துகொண்டிருந்தோம். டிரம்ஸும் பாஸும் ஆறுக்கும் முடிந்தது. அவனுடைய ரிதம் கிதார் ஐந்துக்கு முடிந்தது. குரல் மூன்று பாட்டுக்கு முழுசாக இருக்கிறது. நான்காவதுக்கு வெறும் வழிகாட்டிக் குரல், ஜாம் பேடில் மைக் பிடித்துக்கொண்டு பாடியது, பின்னால் டிரம்ஸ் சத்தம் கலந்திருக்கிறது. ஐந்தும் ஆறும் அவன் நோட்டில் வரிகளாகவும் போனில் அனுப்பிய குரல் குறிப்பாகவும் மட்டும்தான் இருக்கிறது. ஒன்றில் பின்னால் குக்கர் விசில் கேட்கும்.

லீட் கிதாரிஸ்ட் வேறு பாடகனை வைத்து முடித்துவிடலாம் என்கிறான். டிரம்மர் இதைத் தொடவே கூடாது என்கிறான். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படுகிறது, அதுதான் பிரச்சினை. டெத் என்ற அமெரிக்க மெட்டல் பேண்டின் பாடகரும் கிதாரிஸ்டுமான சக் ஷுல்டினர் கதையை இங்கே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். அவருடைய கடைசி ஆல்பம் இன்னும் வரவில்லை. அதிலிருந்து எங்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

---

கருப்புச்சட்டை_2007

தம்பி, ரொம்ப வருத்தமாக இருக்கிறது. அவன் பாடி நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன், கோரமங்கலாவில். 'மண்' என்ற ஒரே சொல்லை நீட்டிப் பாடினான், அது இன்னும் காதில் இருக்கிறது.

சக் கதையை நீ கேட்டதால் முழுசாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் அதைத் தப்பாகச் சொல்கிறார்கள். 'கடைசி டெத் ஆல்பம் பாதியில் நிற்கிறது' என்பார்கள். அப்படி இல்லை. டெத் பேண்டின் கடைசி ஆல்பம் 1998ல் முழுசாக வந்துவிட்டது, 'தி சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ்'. 1987ல் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' தொடங்கி மொத்தம் ஏழு ஆல்பம், எதுவும் பாதியில் இல்லை. பாதியில் நிற்பது அவருடைய அடுத்த பேண்டான கன்ட்ரோல் டினைட்டின் இரண்டாவது ஆல்பம்.

இது ஏன் முக்கியம் என்றால், கன்ட்ரோல் டினைட்டில் சக் பாடவே இல்லை. டெத் மெட்டல் குரலுக்கு உலகமே அவரைக் கொண்டாடியபோது, எனக்கு இனி கிதார் போதும், தெளிவாக மேல் ஸ்தாயியில் பாடுகிற ஒருவர் வேண்டும் என்று டிம் ஏமாரைக் கூட்டி வந்தார். 1999ல் 'தி ஃப்ராஜைல் ஆர்ட் ஆஃப் எக்ஸிஸ்டன்ஸ்' வந்தது. அதே வருஷம் கழுத்து வலி என்று போனவருக்கு மே 13, அவருடைய 32வது பிறந்தநாள் அன்று, மூளைத் தண்டில் கட்டி என்று தெரிந்தது. 2000 ஜனவரியில் அறுவை சிகிச்சை. செலவுக்கு உலகம் முழுக்க மெட்டல் ரசிகர்களும் பேண்டுகளும் பணம் திரட்டினார்கள். அந்த நிலைமையிலும் இரண்டாவது ஆல்பத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார். 'வென் மேன் அண்ட் மெஷின் கொலைட்' என்று பெயர்கூட வைத்தாயிற்று. 2001 டிசம்பர் 13ல் போய்விட்டார். வயது 34.

ஆக, பாடுவதற்கு வேறு ஆள் என்பது அங்கே துரோகம் இல்லை, அது சக்கின் சொந்த முடிவு. உங்கள் விஷயம் அப்படியா என்று நீதான் பார்க்க வேண்டும். உங்கள் பாட்டில் குரலும் அவன், கிதாரும் அவன், வரியும் அவன்.

---

செம்பூர்_ரிஃப் (மும்பை)

கருப்புச்சட்டை அண்ணன் சொன்னதோடு சேர்த்து: சக் போனபிறகு என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்குப் பாடம். ஆல்பத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்த நெதர்லாந்து நிறுவனத்துக்கும் குடும்பத்துக்கும் வழக்கு. 2004ல் அந்தப் பாதி டெமோக்களைப் பழைய பதிவுகளோடு சேர்த்து 'ஜீரோ டாலரன்ஸ்' என்று இரண்டு பாகமாக வெளியிட்டார்கள், குடும்பத்துக்கு அதில் சம்மதம் இல்லை. 2009 கடைசியில்தான் சமரசம். அதற்குள் எட்டு வருஷம். இனி ஃப்ளோரிடாவில் மாரிசவுண்ட் ஸ்டுடியோவில் ஜிம் மாரிஸோடு முடிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நாங்கள் எல்லாம் நாள் எண்ணினோம். வரவில்லை.

2021ல் சக்கின் மேனேஜராக இருந்து சொத்து விவகாரங்களைப் பார்த்துக்கொண்ட வழக்கறிஞர் எரிக் கிரைஃப் போனார். 2023ல் டிம் ஏமார் போனார். அந்த ஆல்பத்தைப் பாட வேண்டிய குரலே இப்போது இல்லை. யோசித்துப் பாருங்கள். பாடகன் போனபின் காத்திருந்தால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். அதனால் என் கருத்து, சீக்கிரம் முடியுங்கள்.

இன்னொன்று, திட்டாதீர்கள். மூன்று பாட்டுக்கு முழுக் குரல் இருக்கிறது என்கிறீர்கள். அதை வைத்து அவருடைய குரலையே மெஷினில் உருவாக்கி மீதி மூன்றையும் பாட வைக்க இன்று வழி இருக்கிறது.

---

மாரிக்குப்பம்_பையன்

திட்டாமல் என்ன செய்வது. அவன் எங்கள் லைன் வீட்டுப் பையன், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அவன் அப்பாவும் என் பெரியப்பாவும் ஒரே ஷிப்டில் இறங்கினவர்கள், மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள், அப்போது அவனுக்குப் பதினைந்து வயசு இருக்கும். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மேட்டில் கோடைக் காற்று கிளம்பினால் ஊர் முழுக்கத் தூசி பறக்கும், அதில் நின்று கத்திக் கத்திப் பழகின குரல். அதை மெஷின் எப்படிப் பாடும்? அது பாடினால் பாடினது யார்?

வேறு பாடகனும் வேண்டாம். டிரம்மர் சொல்வதுதான் சரி. பாடகர் லெம்மி போன மறுநாளே மோட்டர்ஹெட் முடிந்தது என்று அதன் டிரம்மர் மிக்கி டீ சொல்லிவிட்டார். பாடகர் பீட்டர் ஸ்டீல் 2010ல் போனார், டைப் ஓ நெகடிவ் அதோடு நின்றது. அதுதான் மரியாதை.

---

செம்பூர்_ரிஃப்

சரி. நீங்கள் அவரை நேரில் அறிந்தவர், நான் சொன்னது உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது புரிகிறது. மன்னியுங்கள். மெஷின் விஷயத்தை விட்டுவிடுகிறேன்.

ஆனால் 'நிறுத்துவதுதான் மரியாதை' என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏசி/டிசி பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் போனார், ஜூலையில் புதுப் பாடகரோடு 'பேக் இன் பிளாக்' வந்தது. ஐந்தே மாதம். பவர் ட்ரிப்பின் பாடகர் ரைலி கேல் 2020ல் போனார், மூன்று வருஷம் கழித்துப் புதுப் பாடகரோடு மேடையேறினார்கள். பிளாக் டாலியா மர்டர் பேண்டில் பாடகர் டிரெவர் போனபின் வெளியாள் யாரையும் தேடாமல் கிதாரிஸ்ட் பிரையன் எஷ்பாக்கே மைக்கைப் பிடித்தார். ஒவ்வொரு பேண்டும் ஒவ்வொரு வழியில் துக்கத்தைச் சுமக்கிறது. இதில் ஒன்றுதான் மரியாதை, மற்றது இல்லை என்று எப்படிச் சொல்வது?

---

பதிலாகப்_பாடினவன்

வழக்கமாக நான் இங்கே படிப்பதோடு சரி. இன்று எழுத வேண்டும் போலிருக்கிறது.

'வேறு பாடகனை வைத்து' என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அந்த வேறு பாடகன் நான். உங்கள் பேண்டில் இல்லை, வேறு ஒன்றில், இதே ஊரில். இறந்துபோன ஒருவரின் இடத்தில் இரண்டு வருஷம் நின்று பாடியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

முதலில் அவருடைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டு எங்கே மூச்சு வாங்குகிறார் என்று குறித்துக்கொண்டேன். பாட்டைக் கற்பது ஒன்றும் கஷ்டம் இல்லை, மூச்சைக் கற்பதுதான் கஷ்டம். நான் நான்கு வரி இழுக்கக்கூடிய இடத்தில் அவர் இரண்டு வரியில் நிறுத்துவார். அங்கே நிறுத்தினால் அவரைப் போலி செய்கிறேன் என்று தோன்றும், நிறுத்தாவிட்டால் அவர் பாட்டைக் கெடுக்கிறேன் என்று தோன்றும். ஒத்திகையில் பேண்டுக்காரர்கள் என்னைப் பார்க்க மாட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள். தப்பு செய்தால்கூடச் சொல்ல மாட்டார்கள், அது இன்னும் மோசம்.

ஒரு கல்லூரி விழாவில் முதல் வரிசையில் அவருடைய தம்பி நின்றிருந்தான். பாட்டு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டான். அது நன்றியா, இனி பாடாதே என்பதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

டெத் டு ஆல் என்று சக்கின் பழைய ஆட்கள் 2012ல் இருந்து அந்தப் பாட்டுகளை வாசித்து ஊர் ஊராகப் போகிறார்கள். முதல் பயணம் நலிந்த இசைக்கலைஞர்களுக்கு உதவும் நிதிக்காக. அதில் பிறகு மேக்ஸ் ஃபெல்ப்ஸ் என்பவர் சக்கின் இடத்தில் நின்று பாடி, கிதாரும் வாசிக்கிறார். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அவரைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். ஆனால் அவருக்கு ஒரு வசதி உண்டு. முடிந்த பாட்டுகளைப் பாடுகிறார். கேட்பவர்களுக்கு அசல் எது என்று தெரியும். நான் பாடினதும் முடிந்த பாட்டுகள்தான், அதனால்தான் தாங்க முடிந்தது.

உங்கள் ஐந்தாவது ஆறாவது பாட்டை ஒருவன் பாடினால் அவனுக்குப் பின்பற்ற ஒன்றும் இல்லை. அவன் எப்படிப் பாடினாலும் 'அவன் இப்படிப் பாடியிருக்க மாட்டான்' என்று நீங்கள் மூன்று பேரும் மனதுக்குள் சொல்வீர்கள். அந்தச் சுமையை ஒரு பையன் தலையில் வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

---

அல்சூர்_பாஸ்

அண்ணா, இதைப் படித்துவிட்டு லீட் கிதாரிஸ்டுக்கு அப்படியே அனுப்பினேன். 'புரிந்தது' என்று ஒரே வார்த்தை எழுதினான். வேறு பாடகன் பேச்சு முடிந்தது. நன்றி.

---

வேவ்_ஃபைல் (பெங்களூரு)

ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் முதல் வேலை, ஹார்டு டிஸ்க்கை இரண்டு பிரதி எடுங்கள். இன்றைக்கே. ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் நம்பாதீர்கள், ஐந்து வருஷம் கழித்து அந்த மென்பொருள் திறக்காது, பிளகின் இருக்காது. ஒவ்வொரு டிராக்கையும் பூஜ்யத்தில் தொடங்கிக் கடைசி வரை வேவ் ஃபைலாக எழுதி வையுங்கள். அப்போதுதான் யார், எதில் திறந்தாலும் வரிசை பிசகாது. கிதாரின் டிஐ, அதாவது ஆம்ப் வழியாகப் போகாமல் நேராகப் பதிவான ஒலி, இருக்கிறதா? இருந்தால் அதைத் தனியாக. டிஐ இருந்தால் நாளைக்கு வேறு ஆம்ப்பில் விட்டு ஓசையை மாற்றலாம், விரல் அவனுடையதாகவே இருக்கும். இதுதான் எனக்கு எல்லை: ஓசையைத் தொடலாம், விரலைத் தொடக்கூடாது.

டெத்தின் 'ஹ்யூமன்' 1991ல் வந்தது, 2011ல் ஜிம் மாரிஸ் மறுபடி மிக்ஸ் செய்தார். ஒரே வாசிப்பு. ஆனால் பழையதில் மூழ்கிக் கிடந்த பாஸ் புதியதில் கேட்கும். எது உண்மையான 'ஹ்யூமன்' என்று இன்றும் சண்டை நடக்கிறது. சண்டை போட முடிகிறது என்றால் டேப் பத்திரமாக இருந்தது என்று அர்த்தம். முதலில் அதைச் செய்யுங்கள்.

நான்காவது பாட்டின் வழிகாட்டிக் குரல் எதில் பதிவானது? டிரம்ஸ் எவ்வளவு கலந்திருக்கிறது? இப்போதைய மென்பொருளில் ஓரளவு பிரிக்க முடியும். ஆனால் ரொம்பச் சுத்தம் செய்தால் கிரவுலில் இருக்கிற கரகரப்பும் சிம்பலும் ஒரே இடத்தில் இருப்பதால் குரலும் சேர்ந்து தேய்ந்துவிடும். கொஞ்சம் சத்தத்தோடு விடுவதே மேல்.

---

கோர்ட்டு_வராண்டா (பெங்களூரு)

வழக்கறிஞர் என்ற முறையில் சில விஷயம். உணர்ச்சிக்கு நடுவே சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் சக் குடும்பம் எட்டு வருஷம் அலைந்ததை மேலே படித்தீர்கள்.

பாட்டின் வரிகளும் மெட்டும் அவர் எழுதியவை என்றால், 1957 காப்புரிமைச் சட்டப்படி அவர் இறந்தபின் 60 ஆண்டு அந்த உரிமை உயிரோடு இருக்கும், வாரிசுகளுக்குப் போகும். உங்களுக்கு இல்லை. ஒலிப்பதிவு வேறு கணக்கு. பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர் யாரோ அவர்தான் சட்டப்படி தயாரிப்பாளர். ஸ்டுடியோ வாடகையை நான்கு பேரும் பங்கு போட்டிருந்தால் அங்கே உங்களுக்கும் பங்கு உண்டு, அவருடைய பங்கு வீட்டுக்குப் போகும். ஆக, உங்களிடம் ஃபைல் இருக்கலாம், ஆனால் அதில் இருக்கும் பாட்டை வெளியிட வாரிசின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். வரியை மாற்றிச் சிதைத்தால் அதை எதிர்க்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

வாரிசு யார்? கல்யாணம் ஆகாதவர், அப்பா இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். இந்து என்றால் அம்மா முதல் வகுப்பு வாரிசு, அவர் ஒருவரே போதும். கிறிஸ்தவர் என்றால் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் சமபங்கு, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். உயில் இருந்தால் இது எல்லாம் மாறும்.

அதைவிட முக்கியம், இதுவரை ஐந்து பேர் ஐந்து விதமாகக் கருத்துச் சொல்லிவிட்டோம். அவர் அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா?

---

அல்சூர்_பாஸ்

இல்லை.

கேட்கவில்லை. பதினாறாம் நாளுக்குப் போனேன், அப்புறம் போகவில்லை. என்ன முகத்தோடு போவது என்று தள்ளிப்போட்டேன். கிறிஸ்தவக் குடும்பம். அம்மா, ஒரு தங்கை, ஹோசூரில் வேலை. அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது.

டிஸ்க் இரண்டு பிரதி எடுத்துவிட்டேன். டிஐ ஐந்து பாட்டுக்கும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

---

கருப்புச்சட்டை_2007

போய்விட்டு வா தம்பி. சக் விஷயத்திலும் கடைசியில் எல்லாம் நின்றது அம்மா ஜேன், அக்கா பெத் இவர்கள் தோளில்தான். ஒரு விஷயம் தெரியுமா? சக்குக்கு ஒன்பது வயசாக இருக்கும்போது அண்ணன் விபத்தில் இறந்துபோனார். பிள்ளை அந்தத் துக்கத்திலிருந்து வெளியே வரட்டும் என்று வீட்டில் கிதார் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் கிதாரிலிருந்து வந்ததுதான் நாம் கேட்கிற எல்லாம். அப்படிப்பட்ட வீட்டில் இரண்டாவது பிள்ளையும் போனபின், கண்ட இடத்திலெல்லாம் அவன் பாதி டேப்பை விற்பதைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். அந்த ஆல்பம் வர வேண்டும் என்று இருபது வருஷம் ஆசைப்பட்டவன் நான். இப்போது வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

---

மாரிக்குப்பம்_பையன்

நானும் ஞாயிறு ஊரில்தான் இருப்பேன். ஸ்டேஷனுக்கு வருகிறேன். முன்னால் எழுதியதில் கொஞ்சம் சூடாகிவிட்டேன், செம்பூர் அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

அல்சூர்_பாஸ்

போய்விட்டு வந்தேன். எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது.

அம்மா முதலில் கேட்டது, 'ஸ்டுடியோவுக்கு அவன் ஏதாவது பாக்கி வச்சிருக்கானாப்பா?' நான் இல்லை என்றேன். நம்பவில்லை. இரண்டு முறை கேட்டபின் மூவாயிரத்துச் சொச்சம் இருந்தது, நாங்கள் கட்டிவிட்டோம் என்று உண்மையைச் சொன்னேன். உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்தார். வாங்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை, வாங்கிக்கொண்டேன்.

அந்த நோட்டு வீட்டில் இருந்தது. எங்களிடம் இருந்தது போன் படங்கள்தான். முன்பக்கம் அவன் வரிகள், நீல மையில், அடித்து அடித்துத் திருத்தியது. பின்பக்கத்திலிருந்து அம்மாவின் சீட்டுக் கணக்கு. இரண்டும் நடுவில் மூன்று பக்கம் இடைவெளியில் நிற்கிறது. அவன் உயிரோடு இருக்கும்போதே அப்படித்தானாம், ஒரு நோட்டை இரண்டு பேரும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

தங்கையும் வந்திருந்தாள். லேப்டாப்பில் பாட்டைப் போட்டேன். அம்மாவுக்குக் கிரவுல் ஒன்றும் புரியவில்லை. தங்கைதான் நோட்டைப் பார்த்து வரி வரியாகப் படித்துச் சொன்னாள், பாட்டு ஓட ஓட. இரண்டு பாட்டுக்குத் தலையாட்டினார். மூன்றாவது பாட்டு வந்தது. அது அவன் அப்பாவைப் பற்றியது. சுரங்கம் மூடினபின் வீட்டில் நடந்தது, குடி, ஒரு நாள் ராத்திரி கதவுக்கு வெளியே நின்றது, எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் பாட்டுகளிலேயே அதுதான் நல்ல பாட்டு, குரலும் அதில்தான் உச்சம். ஒரே டேக். அன்று ஜாம் பேடில் ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை.

தங்கை நான்காவது வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டாள். அம்மா நோட்டை வாங்கி மீதியைத் தானே படித்தார். பிறகு, 'இது வேண்டாம்பா. அவரும் இல்ல, இவனும் இல்ல. இது வீட்டோட இருக்கட்டும்' என்றார்.

தங்கை, அண்ணன் எழுதினது வெளியே வரணும் என்றாள். அம்மா பதில் சொல்லவில்லை, எழுந்து போய் டீ போட்டார்.

முழுசாக இருக்கிற மூன்று பாட்டில் ஒன்று இப்படிப் போகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பாட்டுக்காகத்தான், ஒளிக்காமல் சொல்கிறேன்.

---

கோர்ட்டு_வராண்டா

சட்டப்படி இருவரும் சமபங்குதாரர்கள் என்பதால் அம்மா ஒப்பாமல் அந்தப் பாட்டை வெளியிட முடியாது. சட்டம் இல்லாவிட்டாலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

---

மாரிக்குப்பம்_பையன்

அந்த வீட்டை எனக்குத் தெரியும். அம்மா சொன்னதுதான் சரி. அவர்கள் அந்த லைனிலேயேதான் இன்னும் இருக்கிறார்கள், காலையில் தண்ணீர் பிடிக்க அதே ஆட்கள் நடுவில்தான் நிற்க வேண்டும். பாட்டைக் கேட்டுவிட்டு நாம் போய்விடுவோம்.

---

செம்பூர்_ரிஃப்

முன்பு நான் சீக்கிரம் முடியுங்கள் என்று எழுதினேன், இப்போது வேறு மாதிரி சொல்கிறேன். சில்ட்ரன் ஆஃப் போடமின் அலெக்ஸி லைஹோ 2020 டிசம்பரில் போனார். புதுப் பேண்டோடு மூன்றே மூன்று பாட்டு பதிவு செய்திருந்தார், அதில் ஒன்று வேறு பேண்டின் பாட்டு. 2021 ஏப்ரலில் அந்த மூன்றை மட்டும் அப்படியே வெளியிட்டார்கள். ஒட்டுப் போடவில்லை, நீட்டவில்லை. நெவர்மோரின் வாரல் டேன் 2017ல் சாவ் பாவ்லோவில் ஆல்பம் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே போனார், சக் போன அதே டிசம்பர் 13. வெவ்வேறு நேரத்தில் பாடி வைத்த குரல்களைச் சேர்த்து அடுத்த வருஷம் 'ஷேடோ வொர்க்' வந்தது. சில இடத்தில் குரல் முழுசாக இல்லை என்று காதுக்கே தெரியும். எனக்கு அந்த இடங்கள்தான் ரொம்பப் பிடிக்கும். பாத்தரியின் குவார்தன் 'நோர்ட்லாண்ட்' நான்கு பாகம் என்று திட்டமிட்டார், 2004ல் போகும்போது இரண்டு வந்திருந்தது. இரண்டோடு அது நிற்கிறது, யாரும் மூன்றாவதைப் போலி செய்யவில்லை.

இருப்பது இரண்டு பாட்டு என்றால் இரண்டு பாட்டை வெளியிடுங்கள்.

---

பதிலாகப்_பாடினவன்

நான்காவது? அந்த டிரம்ஸ் கலந்த குரல்?

---

அல்சூர்_பாஸ்

அதற்கும் அம்மா சரி என்றார். அது மாரிக்குப்பம் ரயிலைப் பற்றி, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறவர்களைப் பற்றி. தங்கை அதைப் படித்தபோது அம்மா சிரித்தார்.

முடிவு இது. நேற்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம், டிரம்மரும் ஒத்துக்கொண்டான். முழுசாக இருக்கிற இரண்டு, வழிகாட்டிக் குரலோடு நான்காவது, ஆக மூன்று. ஐந்தாவது பாட்டைக் குரல் இல்லாமல், அவனுடைய கிதார் வரை மட்டும். வரிகளை உறையில் அச்சடிப்போம், கேட்பவர்கள் படித்துக்கொள்ளட்டும். ஆறாவதில் அவன் கிதாரும் இல்லை, அதனால் அது இல்லை. குக்கர் விசிலோடு இருக்கிற குரல் குறிப்பைத் தங்கை போனுக்கு அனுப்பினேன், அது அவளுக்கு மட்டும்.

அப்பா பாட்டை வேவ் ஃபைலாக எழுதி ஒரு பென் டிரைவில் போட்டு அம்மாவிடம் கொடுக்கப்போகிறேன். எங்களிடம் பிரதி இருக்கலாமா என்று அவரைக் கேட்பேன். வேண்டாம் என்றால் அழித்துவிடுவேன். இதில் லீட் கிதாரிஸ்டுக்கு இன்னும் மனசு வரவில்லை, அழிப்பது தப்பு என்கிறான். எனக்கும் கை வருமா என்று தெரியவில்லை.

பெயர் புதிதாக எதுவும் வைக்கவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் அவன் எழுதியிருந்த 'ராத்திரி ஷிப்ட்' என்பதே இருக்கட்டும்.

---

வேவ்_ஃபைல்

மிக்ஸை நான் செய்கிறேன், காசு பேச வேண்டாம். நான்கு பாட்டின் டிராக்கும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் அனுப்புங்கள், எதையும் நார்மலைஸ் செய்ய வேண்டாம். கிளிக் டிராக்கையும் டெம்போ எண்ணையும் சேர்த்து. வழிகாட்டிக் குரலில் அவன் பாட ஆரம்பிப்பதற்கு முன் பேசியிருந்தால், இருமியிருந்தால், அதையும் வெட்டாமல் அனுப்புங்கள். எங்கே தொடங்குவது என்று சேர்ந்து உட்கார்ந்து கேட்டு முடிவு செய்யலாம். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பிறகு எனக்கு ஸ்டுடியோ காலி.